வேனுக்குள் வீட்டு ஃபிரிட்ஜ், கூரைமேல் சோலார்: ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டு ஏலத்தில் எடுத்த இரண்டு கிலோ வஞ்சிரம், மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வேனுக்குள் வியர்த்துக் கிடந்தது. ஃபிரிட்ஜ் விளக்கு எரியவில்லை. இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கூரையில் 660 வாட் பேனல், இருக்கைக்கு அடியில் புது லித்தியம் பேட்டரி, ஓட்ட வேண்டியதோ ஒற்றைக் கதவு வைத்த சின்ன ஃபிரிட்ஜ். நான் போட்ட கணக்குப்படி அந்தப் பேனலில் இரண்டு ஃபிரிட்ஜ் ஓடியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஃபிரிட்ஜைத் தவிர வேறு எதையும் நான் சேர்க்கவில்லை. அதுதான் கோளாறு.

வேன் நான்கு நாட்களாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே நின்றது. இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள். வெயில் வண்டியின் தலையில் விழுவது நடுப்பகலில் மூன்று மணி நேரம். ஃபிரிட்ஜைச் சுற்றியிருக்கும் சூடும், நிழலும், இன்வெர்ட்டரின் வாயும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. ஃபிரிட்ஜ் பாவம், கொஞ்சம்தான் குடிக்கிறது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

கேரவன் என்றால் நம் ஊரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் நினைப்பார்கள். நான் சொல்வது அது இல்லை. பயணிகள் வேன் ஒன்றின் உட்புறத்தைப் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று மாற்றி, பழவேற்காடு வரையோ பாபநாசம் வரையோ குடும்பத்தோடு போய்வரும் வண்டி.

வண்டியைத் தொடுவதற்கு முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. கேரவன் வகை வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தர விதி இருக்கிறது. ஆகவே இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், என்ன மாற்றம், எந்த வகைப் பதிவு என்று கேட்டு, பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்டால், கட்டியதை உடைக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

ஏன் வீட்டு ஃபிரிட்ஜ்?

மேலை நாட்டு வண்டிகளில் வெகுகாலமாகக் கேஸ் சுடரில் ஓடும், அம்மோனியா நிரப்பிய ஃபிரிட்ஜ்தான் இருந்தது. அதற்கு வண்டி ஏறத்தாழச் சமதளத்தில் நிற்க வேண்டும். வெளியே 40 டிகிரி அடித்தால் உள்ளே குளிர்விக்கத் திணறும். சித்திரை வெயிலில் அதை நம்பி யாரும் மீன் வாங்க மாட்டார்கள். அடுத்தது, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் பெட்டி வகை. நல்ல சாமான்தான், இன்வெர்ட்டரே வேண்டாம். ஆனால் 50 லிட்டர் பெட்டியின் விலைக்கு 180 லிட்டர் வீட்டு ஃபிரிட்ஜே வந்துவிடும். கெட்டுப்போனால் அதைத் திறந்து பார்க்க மெக்கானிக் கிடைப்பதும் அரிது. வீட்டு ஃபிரிட்ஜ் அப்படியில்லை. தண்டையார்பேட்டையானாலும் தென்காசியானாலும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். இரண்டு பேர் மட்டும், வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் என்றால் பெட்டி வகையே வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைப் படிக்க வேண்டாம். நாங்கள் ஐந்து பேர்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: வீட்டுக்கென்று விற்ற ஃபிரிட்ஜை வண்டியில் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று நிறுவனம் கைவிரிக்கலாம்.

படி 1: எந்த ஃபிரிட்ஜ்

ஒற்றைக் கதவு, நேரடிக் குளிர்விப்பு வகையையே எடுங்கள். இரட்டைக் கதவு வைத்த, பனி உறையாத வகைக்குள் ஒரு ஹீட்டர் ஒளிந்திருக்கிறது. சுருளில் படியும் பனியை உருக்க அது அவ்வப்போது எரியும். எரியும்போது 150 முதல் 250 வாட் வரை இழுக்கும். வீட்டில் இது தெரியவே தெரியாது. பேட்டரியில் ஓடும்போது நள்ளிரவில் மீட்டர் ஏன் குதிக்கிறது என்று தலையைச் சொறிவீர்கள்.

கம்ப்ரசர் இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல், கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பலகையைக் குறிப்பது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை (டிசி) வீட்டு மின்சாரம்போல 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி வேறு. “இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்தானே, தனியாக இன்வெர்ட்டர் எதற்கு?” என்று என் மச்சானே கேட்டார்.

இந்த வகையை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வகைக் கம்ப்ரசர் ஓடும்போது 100 வாட்தான் என்றாலும், கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டிவரும். வேகம் மாறும் கம்ப்ரசர் மெல்லக் கிளம்பி, நீண்ட நேரம் குறைந்த வாட்டில் ஓடும். சின்ன இன்வெர்ட்டரே போதும். சின்ன இன்வெர்ட்டர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது மூன்றாம் படியில்.

படி 2: மூன்று நாள் அளந்து பாருங்கள்

ஃபிரிட்ஜின் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. என் ஃபிரிட்ஜில் 150 என்று போட்டிருந்தது, நாளுக்கு 0.41 யூனிட். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. அங்கே யாரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாட்டிலுக்காகக் கதவைத் திறப்பதில்லை; பிற்பகல் இரண்டு மணிக்குத் தகர வண்டிக்குள் 42 டிகிரியும் அடிப்பதில்லை.

பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று ரிச்சி தெருவில் கிடைக்கும். அதை மாட்டி, ஃபிரிட்ஜை வேனுக்குள்ளேயே வைத்து, வீட்டு மின்சாரத்தில் மூன்று நாள் ஓட்டுங்கள். ‘இப்போது எத்தனை வாட்’ என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். கம்ப்ரசர் ஓடியும் நின்றும் ஆடுவதால் அது ஏமாற்றும். மொத்த யூனிட்டை மணிக்கணக்கால் வகுத்து, 24-ஆல் பெருக்குங்கள். எனக்கு மே மாதத்தில் நாளுக்கு 0.75 யூனிட் வந்தது. டிசம்பரில் அதே ஃபிரிட்ஜ் 0.5. லேபிளை நம்பிப் பேட்டரி வாங்கியிருந்தால் பாதிதான் வாங்கியிருப்பேன்.

படி 3: இன்வெர்ட்டரின் வாய்

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தின்னும். ஃபிரிட்ஜ் நின்றிருந்தாலும், அது எப்போது கேட்குமோ என்று 230 வோல்ட்டைத் தயாராக வைத்திருப்பதற்கே 10 முதல் 20 வாட் போய்விடும். பெரிய பெட்டிகளில் இன்னும் கூடுதல். என்னுடையது 14 வாட். அற்பமாகத் தெரிகிறதா? 24 மணி நேரத்தால் பெருக்குங்கள்: 336 வாட்-மணி (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). டிசம்பரில் ஃபிரிட்ஜ் முழு நாளும் குடிப்பதில் மூன்றில் இரண்டு பங்கை, எந்த வேலையும் செய்யாமல் இந்தப் பெட்டி விழுங்குகிறது.

என் முதல் இன்வெர்ட்டர் இதைவிட மோசம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 3000 வாட் பெட்டி வாங்கியிருந்தேன். வாங்கிய அன்று பெருமையாக இருந்தது. மிக்ஸியும் ஓடும், இஸ்திரிப் பெட்டியும் ஓடும். ஆனால் ஒன்றையும் மாட்டாமல் வைத்து, பேட்டரிக் கம்பியில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டால் 24 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் காட்டியது. 36 வாட். நாளுக்கு 864 வாட்-மணி! மே மாத ஃபிரிட்ஜையே மிஞ்சுகிறது. வஞ்சிரம் வியர்த்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சில இன்வெர்ட்டர்களில் மின்சேமிப்பு முறை என்று ஒரு பொத்தான் இருக்கும். சுமை இல்லாதபோது தூங்கிவிட்டு, நொடிக்கொருமுறை எட்டிப் பார்க்கும். மின்னணுப் பலகை உள்ள ஃபிரிட்ஜ் அந்த எட்டிப்பார்த்தலுக்குப் பதில் சொல்லாமல் அப்படியே செத்துக் கிடக்கும், அல்லது விட்டுவிட்டு உயிர்பெற்றுக் குழம்பும். அந்த முறையை அணைத்தே வையுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: வீட்டு மின்சாரம் போன்ற தூய சைன் அலை வேண்டும். படிக்கட்டு அலை தரும் மலிவுப் பெட்டியில் மோட்டார் உறுமும், சூடாகும், சீக்கிரம் போகும். 1000 விஏ, அதாவது ஏறத்தாழ 800 வாட், போதும். சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தவரை 24 வோல்ட் அமைப்புக்கே போங்கள். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டத்தில் பாதிதான் ஓடும். செம்புச் செலவும் சூடும் குறையும்.

படி 4: நாள் கணக்கு

இப்போது கூட்டலாம். மே மாதம், மோசமான நாளையே எடுத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் 750 வாட்-மணி. இன்வெர்ட்டர் மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு இழப்பதால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 830. இன்வெர்ட்டரின் சும்மா வாய் 336. பேட்டரியிலிருந்து நேரடியாக ஓடும் மின்விசிறியும் விளக்கும் கைப்பேசி ஊட்டமும் (சார்ஜ்) 330. ஆக மொத்தம் 1,500 வாட்-மணி, அதாவது ஒன்றரை யூனிட். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். என் எண்ணை எடுத்து உங்கள் வண்டியில் ஒட்ட வேண்டாம்.

படி 5: பேட்டரி

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத்தான் பரிந்துரைப்பேன். எட்டு செல் கோத்தால் 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணிக்கு 2,560 வாட்-மணி. அதில் 85 சதவீதம் எடுத்தால் 2,170-க்குப் பக்கம். படி 4-இன் கணக்குப்படி, வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். இரண்டு இரவும் நடுவில் ஒரு மேகமூட்டப் பகலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி மலிவு. இரண்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரி கோத்தால் 3,600 வாட்-மணி வரும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆகவே கைக்கு வருவது 1,800. இரண்டும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். ஊட்டம் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அதன் மேலேயே படுத்துத் தூங்குகிற வண்டியில் அதை வைக்க எனக்கு மனமில்லை.

குளிர்தேசத்துக்காரர்கள் லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஊட்டக் கூடாது என்று பயப்படுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் பகை வெப்பம். 45 டிகிரிக்கு மேல் தொடர்ந்து கிடந்தால் ஆயுள் தேயும். ஆகவே கூரைக்கு அடியிலோ என்ஜினுக்குப் பக்கத்திலோ பேட்டரியை வைக்காதீர்கள். தரையோடு, காற்று போகும் பெட்டியில், வெயில் படாத பக்கம். ஊட்டும் வோல்ட்டை 28.4-இல் நிறுத்தினால் போதும், செல்லைக் கடைசிச் சொட்டுவரை நிரப்பத் தேவையில்லை.

வோல்ட் மீட்டரைப் பார்த்து ‘இன்னும் பாதி இருக்கிறது’ என்று இந்தப் பேட்டரியில் சொல்ல முடியாது. நிறைந்ததற்கும் கால்வாசிக்கும் நடுவில் வோல்ட் பெரிதாக இறங்காது. இறங்கத் தொடங்கினால் மளமளவென்று விழும். மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் வைத்து, போனதையும் வந்ததையும் எண்ணும் கண்காணிப்புக் கருவி கட்டாயம் வேண்டும். வஞ்சிரம் வியர்த்த அந்த இரவு படுக்கும்போது என் வோல்ட் மீட்டர் 25.9 என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது.

படி 6: பேனலும் தெருவும்

சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. இது நமக்குக் கிடைத்த வரம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நடுவில் உள்ள மாதங்களில் சற்று வடக்கே சாயும். ஆகவே பேனலைச் சாய்த்து வைக்கும் தூக்குக் கம்பிகளெல்லாம் வேண்டாம். கூரையோடு படுக்கவைத்தாலே ஆண்டு முழுவதும் பெரிய இழப்பில்லை. டிசம்பரில் மட்டும் சூரியன் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே இறங்கிவிடும். அப்போது படுத்த பேனல் நண்பகல் நேரடி வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும்.

என் கூரையில் 330 வாட் பேனல் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 22 கிலோ. நல்ல வெயில் நாளில் சென்னையில் முழுவெயில் 5 மணி நேரத்துக்குச் சமம் என்று கொள்ளலாம். 660-ஐ 5-ஆல் பெருக்கினால் 3,300. அது காகிதக் கணக்கு. பேனல் சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் இழக்கும். மதியம் அது 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் காலி. தூசு, கம்பி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று ஊட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளும். 0.7-ஆல் பெருக்குங்கள்: 2,310 வாட்-மணி. தேவை 1,500. மிச்சம் கையில்.

திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில், தலைக்கு மேல் வானம் மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்தினால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் பலிக்காது. எங்கள் தெருவில் வெயில் மூன்று மணி நேரம். 660-ஐ 3-ஆலும் 0.7-ஆலும் பெருக்கினால் 1,386. தேவைக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கு அதுவும் வரவில்லை, 900-தான் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மாடியில் ஏறி உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு முன் பேனல் முழுவதும் வெயில். பதினொன்றே காலுக்கு எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல், ஒரு துப்பட்டாவை விரித்ததுபோல, பின்பேனலின் மேல் வந்து படுத்தது. முன்பேனல் பளபளவென்று வெயிலில் காய்கிறது. கன்ட்ரோலரில் வாட் பாதிக்கும் கீழே. இரண்டு பேனலையும் தொடரிணைப்பில் கோத்திருந்தேன். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள். ஒன்று படுத்துவிட்டால் மற்றதும் இழுபடும். நிழலைத் தாண்டிப் போக பேனலுக்குள் டயோடுகள் இருந்தாலும் கன்ட்ரோலர் பல நேரம் தவறான வோல்ட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

இணையிணைப்புக்கு மாற்றினேன். ஒய் வடிவ இணைப்பி ஒரு ஜோடி, அரை மணி நேர வேலை. இப்போது எந்தப் பேனலில் வெயிலோ அது தன் பங்கைத் தருகிறது. அதே தெருவில் 1,400-ஐ ஒட்டி வருகிறது. கட்டடம் நெருங்கிய ஊரில் நிறுத்துகிறவர்களுக்கு இணையிணைப்பே சரி. ஒரு நிபந்தனை உண்டு: தனிப் பேனலின் வேலை வோல்ட் (மின்சாரம் தரும்போது இருக்கும் வோல்ட்), சூட்டில் குறைந்த பிறகும் பேட்டரியின் 28.4-ஐவிட மேலே இருக்க வேண்டும். 72 செல் பேனலில் அது 37 வோல்ட். சூட்டில் 32, 33-க்கு இறங்கினாலும் தாங்கும். 36 செல் கொண்ட சின்னப் பேனல்களில் இது நடக்காது.

கன்ட்ரோலர் எம்பிபிடி வகைதான்; பேனல் அதிக வாட் தரும் வோல்ட்டை அது தேடிப் பிடிக்கும். பிடபிள்யூஎம் வகை பேனலின் கூடுதல் வோல்ட்டை வீணாக்கிவிடும். 660 வாட்டுக்கு 30 ஆம்பியர் போதும். தொடரில்தான் கோப்பேன் என்கிறவர்கள் திறந்த சுற்று வோல்ட்டை (எதிலும் மாட்டாதபோது பேனல் காட்டுவது) கூட்டிப் பாருங்கள். பேனலுக்கு 46 என்றால் இரண்டுக்கு 92. மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கும்போது இது இன்னும் ஏறும். 100 வோல்ட் கன்ட்ரோலரை அவ்வளவு விளிம்பில் வைக்க வேண்டாம், 150 வாங்குங்கள். 540 வாட் பேனல் இரண்டைத் தொடரில் கோத்து 100 வோல்ட் கன்ட்ரோலரில் மாட்டினால் குளிர்ந்த காலை ஒன்றில் அது கருகும்.

பேனலுக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காற்று புகுந்தால் பேனலும் குளிரும், வண்டிக்குள்ளும் சூடு இறங்காது. பேனலே வண்டிக்குக் குடை. போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறோம். உப்புக்காற்றில் சாதாரணப் போல்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடாவிட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும்.

படி 7: கம்பியும் பாதுகாப்பும்

இதை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். அது நேர்மின்சாரத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். வீட்டு மின்பலகையில் இருக்கும் எம்சிபி சுவிட்ச் நேர்மின்சாரத் தீப்பொறியை அணைக்காது, உள்ளேயே எரியும். 24 வோல்ட்டில் 800 வாட்டுக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 37 ஆம்பியர் ஓடும்; 16 சதுர மில்லிமீட்டர் செம்பு, 60 ஆம்பியர் ஃபியூஸ். ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். உப்புக்காற்றில் வெறும் செம்பு முனையில் பச்சை பிடிக்கும். வேன் தகரத்தைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்தால் வண்டியின் உடம்பே மின்கம்பி ஆகிவிடும்.

230 வோல்ட் பக்கம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) வேண்டும். இது பலர் தவறவிடும் இடம்: இன்வெர்ட்டரின் நியூட்ரல் வேனின் உலோக உடலோடு ஓரிடத்தில் இணைந்திருந்தால்தான் கசிவைக் கண்டு ஆர்சிசிபி வெட்டும். அந்த இணைப்பை இன்வெர்ட்டரின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்தே கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வீட்டு மின்சாரத்தை வண்டிக்குள் எடுக்கும்போது அதே இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். என் வண்டியில் வீட்டு மின்சாரம் பேட்டரி சார்ஜருக்கு மட்டும் போகிறது. ஃபிரிட்ஜ் எப்போதும் இன்வெர்ட்டரில்தான். குழப்பமே இல்லை.

வண்டி ஓடும்போதும் ஊட்டம் ஏறட்டும். 12-இலிருந்து 24 வோல்ட்டுக்கு உயர்த்தும் சார்ஜர் ஒன்று, 10 ஆம்பியர் தந்தால் போதும். பழவேற்காடு போய்த் திரும்பும் நேரத்தில், மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, எனக்கு 500 வாட்-மணிக்கு மேல் ஏறிவிடுகிறது. தெருவில் நிற்கும்போது விழும் சிறு மின் பற்றாக்குறையை அடைக்க வாரம் ஒரு முறை இந்தப் பயணம் போதும்.

படி 8: ஃபிரிட்ஜைக் கட்டிவைத்தல்

ஆசாரி வந்தார். ஃபிரிட்ஜை மூலையில் நிறுத்தினார். துளையிடும் கருவியை அதன் பக்கச் சுவரில் வைத்துவிட்டு, “நான்கு ஸ்க்ரூ போட்டால் அசையாது, சார்” என்றார். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

பழைய ஃபிரிட்ஜில் சூட்டை வெளியேற்றும் கருப்புச் சுருள் முதுகில் தெரியும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் அது பக்கச் சுவர்களின் தகட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் இடமெல்லாம் குழாய்தான். ஒரு ஸ்க்ரூ குழாயில் இறங்கினால் ஃபிரிட்ஜ் போயிற்று. அதோடு பல ஃபிரிட்ஜ்களில் குளிர்விக்க நிரப்பியிருக்கும் ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியது. அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், மூடிய வண்டிக்குள் கசிய விடலாமா?

ஆகவே ஃபிரிட்ஜின் உடம்பைத் துளைக்காதீர்கள். கீழே ரப்பர் விரித்த மரச்சட்டத்துக்குள் கால்களை இறக்கி, இடுப்பிலும் தோளிலும் இரண்டு நாடாப் பட்டைகளால் வேனின் சுவரில் உள்ள கொக்கிகளோடு கட்டுங்கள். கதவுக்கு, குழந்தைகள் திறக்காமல் இருக்க விற்கும் ஒட்டுப் பூட்டு போதும், துளை வேண்டாம்.

முதுகில் ஒரு சாண், பக்கங்களில் நான்கு விரல் இடம் விடுங்கள். தரையில் வலை போட்ட துளை, ஃபிரிட்ஜின் தலைக்கு மேல் இன்னொன்று. சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும். என் வண்டியில் முதலில் அழகுக்காக மூன்று பக்கமும் பலகை அடித்து மூடியிருந்தோம். பலகையை எடுத்துத் துளை போட்ட பிறகு எடுத்த அளவுதான் மேலே சொன்ன 0.75, அதற்கு முன் 0.95. ஒரு ரூபாய் செலவில்லாமல் 200 வாட்-மணி மிச்சம்.

முதுகுப் பக்கம் கம்ப்ரசருக்கு மேல் உருகிய தண்ணீர் சேரும் சின்னத் தட்டு இருக்கும். வீட்டில் அது அப்படியே ஆவியாகிவிடும். வண்டியில், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தரையில் கொட்டும். கொட்டாவிட்டால் கொசு முட்டையிடும். புறப்படும் முன் தட்டைத் துடைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகே பிளக்கைச் செருக வேண்டும். கம்ப்ரசர் எண்ணெய் அதன் இடத்துக்கு இறங்க வேண்டும்.

படி 9: நாள்தோறும் ஓட்டுதல்

வெயில் இருக்கும்போது குளிரைச் சேமியுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நான்கை உறைபெட்டியில் வையுங்கள். காலை பத்து முதல் நான்கு வரை குளிர்நிலையைக் கூட்டி வைத்தால் அவை கல்லாக உறைந்துவிடும். சாயங்காலம் குளிர்நிலையைக் குறைத்துவிட்டு இரண்டு பாட்டில்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். இரவு முழுவதும் கம்ப்ரசர் அரிதாகவே விழித்துக்கொள்ளும். பேட்டரிக்குப் போக வேண்டிய வேலையில் ஒரு பகுதியை ஐஸ் செய்துவிடுகிறது. காசிமேட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் பிழைப்பே அதுதான்.

உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாப்பாடு பத்திரம். சூடான குழம்பைப் பாத்திரத்தோடு உள்ளே வைக்காதீர்கள். ஒரு பாத்திரக் குழம்பை ஆற்ற ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மீட்டரில் ஒருமுறை பார்த்தவர் மறுபடி வைக்க மாட்டார். கடற்கரை ஈரக்காற்றில் உறைபெட்டிச் சுவரில் பனி வேகமாகத் தடிக்கும். சுண்டுவிரல் பாதித் தடிமனுக்கு வந்ததும் உருக்குங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் கிழியும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளைச் செருகி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது.

பேனல் துடைப்பது வடசென்னையில் வாராந்திர வேலை. நிலக்கரித் தூசும் லாரிப் புழுதியும் உப்பும் சேர்ந்து வெறும் தண்ணீருக்கு அசையாத ஒரு படலமாகப் படிகிறது. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் இரண்டு நாள் நின்றால் சாம்பலும் சேரும். விடியலில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரும் மென்துணியும் போட்டுத் துடையுங்கள். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைதான் பெரிய பரீட்சை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூட்டமான நாளில் பேனல் 400 வாட்-மணி தந்தாலே அதிகம். வானிலை மையம் கடலில் தாழ்வு மண்டலம் என்று சொன்ன அன்றே பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் நிறைத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல மின்சாரமும் இல்லாமல் தண்ணீரும் ஏறி நிற்கும் நிலை வரும் என்று தெரிந்தால், தரையோடு வைத்த பேட்டரிக்கு ஆபத்து. வண்டியையே மேட்டுக்கு நகர்த்துங்கள். ஃபிரிட்ஜில் உள்ளதைக் குறைத்து, பாட்டில் ஐஸை நிறைத்து, பகலில் ஆறு மணி நேரம் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு மற்ற நேரம் அணைத்துவிடலாம். அதன் சும்மா வாயும் அந்த நேரம் மூடிக்கொள்ளும். கதவைத் திறக்காமல் இருந்தால் பால் மறுநாள் வரை திரியாது. மீனை மட்டும் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள்.